இறங்க மறுத்த தோள்

என் தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் தினமும் காரில் கூட்டிப்போனவன் என் அண்ணன். வீட்டுப் பங்குக்காகச் சிவகங்கை கோர்ட்டில் என்மேல் வழக்குப் போட்டவனும் அவன்தான். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் எங்களுக்குள் வார்த்தை தடித்துவிடும்.

மேசையில் மல்லாந்து படுத்ததும், தலை அசையாதிருக்க முகத்தில் பிளாஸ்டிக் வலையை மாட்டி இறுக்குவார்கள். கதிரைச் செலுத்துமுன் ஒரு படம் எடுத்து, முதல் நாள் படத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள். அன்றும் பொருந்தவில்லை. டெக்னீஷியன் பெண் வந்து வலையைக் கழற்றினார்.

"தோளை இறக்கச் சொன்னா ஏன் சார் தூக்குறீக? இடம் மாறுனா கதிரு நல்ல சதையில விழும்."

"இறக்கித்தான் இருக்கு. மொதல்ல உங்க மிஷினப் பாரும்மா."

"திங்கக்கிழமை மட்டும் பஸ்ல தனியா வந்தீக, ஒடனே பொருந்துச்சு. காருல வந்தா மட்டும் பொருந்தல. யாரு கூட மல்லுக்கட்டிட்டு வந்து படுக்குறீக?"

எனக்குச் சுருக்கென்றது. வெறுப்பு நெஞ்சுக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்தேன். அதுவோ எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்தில் நின்றது.

வெளியே வந்து அண்ணனிடம் கத்தினேன். "நாளையிலருந்து நீ வராத. உன்னாலதான் கதிரு தப்புது."

அவன் காரைத் திறந்தான். "இனி நான் வாயே தொறக்கல, போதுமா? ஏறுடா. பொழைச்சு வந்து கோர்ட்டுல நில்லு. எதிராளி இல்லாத கேசுல ஜெயிச்சு என்னத்தக் கிழிக்க?"

அவனை நான் மன்னிக்கவில்லை. வழக்கும் நடக்கிறது. ஆனால் சிகிச்சை முடியும்வரை இருவரும் பேசாமல் போய் வந்தோம்; படம் தினமும் பொருந்தியது. அத்தனை அக்கறையோடு என்னிடம் யாரும் பேசாமல் இருந்ததில்லை.