ரஞ்சிதம் அக்காவின் யவீரு நாடகம்

சபையின் அறுப்பின் பண்டிகை நோட்டீஸுக்காக மண்டி மொஹல்லா அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் நாடகத்தில் நடித்த பெருமாள் போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்கண்ணா" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரே அக்காதான். பேனாவை மூடிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரஞ்சிதம் அக்காவை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? இந்தக் கன்னட ஊரில் எங்கள் தமிழ்ச் சபையின் ஊழியக்காரி. கையில் வேதாகமம், தோளில் நாடகச் சாமான் மூட்டை. கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் வாழும் சந்துகளில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பெட்ஷீட்டைக் கட்டினால் அவருக்கு மேடை தயார். நடிகர்கள் சென்ட்ரிங் வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள். பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். "சபையில் சேராதவர் யோசேப்பாக நடிக்கலாமா?" என்று கமிட்டியில் ஒரு கேள்வி வந்தது. "யோசேப்பு எந்தச் சபையில மெம்பரா இருந்தாரு?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். கேள்வி கேட்ட மேதாவி நான்தான். அப்போது நான் சபைச் செயலாளர் வேறு.

அவர் எழுதும் வசனத்தில் தமிழும் கன்னடமும் கூடிக் குலாவும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவப்புப் பேனாவால் அடித்து அடித்துத் திருத்துவேன். "தம்பி, உங்க தமிழ் இஸ்திரி போட்ட சட்டை. அதப் போட்டுக்கிட்டு சென்ட்ரிங் வேலை பாக்க முடியாது" என்பார். ஆனாலும் என் திருத்தங்களில் பாதியை விட்டுவைப்பார்.

பெருமாள் எல்லையோரக் கிராமமான கௌதள்ளிக்காரர். அவர் மகள் நந்தினி பத்தாம் வகுப்பில் தவறியபின் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பேச்சு நின்றுபோயிற்று. அவளைத் தனியே விட்டு வேலைக்குப் போகவே பெருமாளுக்குப் பயம். அப்போது அக்கா யவீரு நாடகம் போட இருந்தார். யவீருவின் செத்துப்போன மகளை இயேசு கைப்பிடித்து எழுப்பும் கதை. என்னையும் கூட்டிக்கொண்டு பெருமாள் வீட்டுக்குப் போனார். நந்தினியின் பக்கத்தில் உட்கார்ந்து, "மக வேஷம் உனக்குத்தான். வசனமே கிடையாது, படுத்துக் கிடந்தா போதும். உன்னவிட யாரு நல்லாப் படுப்பா?" என்றார். வெளியே வந்ததும் நான், "இந்தப் பொண்ணாவது எழுந்திருக்கிறதாவது!" என்று சிரித்தேன்.

நாடகத்தன்று பெருமாளே யவீரு. இயேசுவாக நடித்த எலக்ட்ரீஷியன், "பெண்ணே, நீ எழுந்திருப்பாயாக" என்று நான் திருத்திக்கொடுத்த வசனத்தைச் சொன்னார். நந்தினி அசையவில்லை. இன்னொரு முறை சொன்னார். ஊஹூம். பெருமாள் வசனம் மறந்து மகளையே பார்த்து நின்றார். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். "ஏளு புட்டி, ஏளு" என்றார். கன்னடத்தில் எழுந்திரு கண்ணு என்று அர்த்தம். ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த, கன்னடம் தெரியாத ஒரு பெரியவருக்கு அது எண்ணாகக் கேட்டிருக்கிறது. "ஏழா? அப்ப ஆறு எங்கடா போச்சு?" என்று சத்தமாகக் கேட்டார். சந்தே சிரித்தது. செத்துக் கிடந்தவளின் தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். பெருமாள் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நாடகம் அங்கேயே முடிந்தது.

"உயிர்த்தெழுந்தவள் சிரிக்கலாமா?" என்று கமிட்டி கேட்டது. "செத்தவ எழுந்தா சிரிக்காம மூஞ்சிய தூக்கி வச்சுக்குவாளா?" என்றார் அக்கா. இந்த முறை நான் அவர் பக்கம் நின்றேன்.

நந்தினி மறுபடி எழுதித் தேறினாள். இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. அக்காவின் அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க முன்னால் வந்தாள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். "என்ன எழுப்புனவங்கள நான் தூக்கக்கூடாதா?" என்று கேட்டாள். வழிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

வேதாகமத்தில், யவீருவின் மகள் எழமாட்டாள் என்று சிரித்தவர்களை ஆண்டவர் வெளியே அனுப்பிவிடுகிறார். உள்ளே நடந்ததை அவர்கள் பார்க்கவில்லை. இங்கே சிரித்தவன் நான். அக்கா என்னை வெளியே அனுப்பவில்லை. வசனம் எடுத்துக்கொடுக்கத் திரையோரம் நிறுத்திவைத்தார். அதனால் நந்தினி எழுந்ததை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். அக்காவிடமிருந்து நான் பெற்றது அது. எனக்குப் போதும்.