குழிக்குப் போட்ட ரெண்டு கை பவுடர்

கஜா புயல் எங்கள் மாட்டுக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனதற்கு மறுவருடம் அது. கீற்றெல்லாம் மூன்று வயல் தள்ளிக் கிடந்தது. பசு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தப் பசுதான் முதலில் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியது. நாங்கள் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆலைக் கழிவு வாய்க்காலில் வந்து, மண்ணுக்குள் ஊறிக் கிணற்றில் இறங்கியிருந்தது. கல்லூரியிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து வாய்க்கால் அடியில் கறுப்புச் சேற்றை அள்ளினார்.

"ஐயா, இதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குங்க. குளோரின் கலந்த வெஷம், லேசுல மக்காது. இந்தக் கிருமி அதுலயே கெடந்து அதையே தின்னப் பழகிடுச்சு."

"மனுசனுக்கு அந்தப் பழக்கம் வரலியேம்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நீளமாகக் குழி வெட்டி, அந்தச் சேற்றைக் கொட்டி, தீனிக்கு வெல்லப்பாகு ஊற்றி, தார்ப்பாயும் களிமண்ணும் போட்டு மூடினோம். காற்றுப் பட்டால் கிருமி செத்துவிடுமாம்.

"நாறும் ஐயா. நாறுனாத்தான் உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

நாறியது. மாதாமாதம் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போனார். விஷம் குறைகிறது என்றார்.

மழை விட்டதும் வழக்கம்போல் கொம்யூன் பஞ்சாயத்து ஆள் பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்தான்.

"என்ன பெருசு, ஊறல் கீறல் போட்டிருக்கியா?"

"தெருவுக்குத் தெரு சாராயக்கடை இருக்குற காரைக்கால்ல எவன்டா ஊறல் போடுவான்?"

மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. பந்திக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்களே என்று நானே தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தேன். "ரெண்டு கை போட்டுட்டுப் போடா." அவன் அரை வாளியைக் கொட்டினான். நாற்றம் நின்றது. பந்தி நன்றாகவே நடந்தது.

அடுத்த மாதம் டீச்சரம்மா வந்து முகர்ந்து பார்த்தார். "என்ன போட்டீங்க ஐயா?" சொன்னேன். "பவுடர் பட்டா கிருமி பூரா செத்துடும் ஐயா" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். யார் போடச் சொன்னது, எவ்வளவு, யாரைக் கேட்டுத் திறந்தாய்? வாய்க்காலில் இத்தனை வருடம் கொட்டியவனிடம் எவரும் இப்படி நின்று கேட்டதில்லை. வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மாவையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

நாங்கள் கேன் தண்ணீர் குடிக்கிறோம். பசுவுக்கு யார் கேன் வாங்குவது? விற்றுவிட்டேன்.

குழியில் வாய்க்கால் சேற்றை மறுபடி நானே கொட்டி, பாகு ஊற்றி, களிமண் பூசி மூடினேன். யாரையும் கேட்கவில்லை. இந்த ஐப்பசியிலிருந்து மூக்கை வைக்க முடியவில்லை. டீச்சரம்மாவை எங்கேயாவது பார்த்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: குழி நாறுகிறது.