சைலன்ஸ் டீச்சர் கேட்ட லீவு

வகுப்பைப் பாதியில் போட்டுவிட்டுச் செருப்புகூட மாட்டாமல் ஓடினாளாம்! ஓடியதைக் கண்டது யார்? கதை கட்டிய மாடி வீட்டுக்காரியா? அவள் அன்றைக்குப் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் நடந்துதான் போனாள். செருப்பும் காலில்தான் இருந்தது. சொல்வதானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சைலன்ஸ் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பேர். கணக்குப் பாடம். அந்த வருஷம் பக்கத்து வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போக, அந்தப் பிள்ளைகளையும் இவள் தலையில் கட்டினார்கள். ஒரே அறையில் இரண்டு வகுப்பு. ஜன்னல் திட்டில்கூடப் பிள்ளைகள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. குரல் திரும்பி வந்தது, தூக்கம் வரவில்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும். எழுந்துபோய் கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து, பார்த்தோமா என்று மறுபடி போவாள். விரலும் சும்மா இருக்காது. சுவர், தலையணை, புருஷன் முதுகு, எதைத் தொட்டாலும் நோட்டுத் திருத்துவதுபோல ‘டிக்’ போடும்.

ஒரு நாள் குக்கர் விசிலடிக்க, “சைலன்ஸ்!” என்று போட்டாள் ஓர் அதட்டல். புருஷன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

“ஏங்க, சிரிக்கிறீங்களா?”

“சிரிச்சா வெளிய நிக்க வெச்சிடுவியே!”

அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாகிப் போனது. உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான்.

“மனசு ரொம்பக் களைச்சுப் போயிருக்கும்மா. மாத்திரை தரேன். ஆனா மொதல்ல லீவு போடுங்க.”

லீவு! கால் உடைந்தால் கட்டைக் காட்டிக் கேட்கலாம். மனசுக்கு எந்தக் கட்டைக் காட்டுவது? ஹெட்மாஸ்டர் அறைவரை போவாள். “சாக்பீஸ் வேணும் சார்” என்று வாங்கிக்கொண்டு திரும்புவாள். மேசை டிராயரில் சாக்பீஸ் குவிந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டாள்.

“சார், எனக்குக் கொஞ்ச நாள்...”

“பரீட்சை முடியட்டும்மா. டென்ஷன் யாருக்கு இல்ல? எனக்குப் பாருங்க, முடியே கொட்டிப்போச்சு” என்று தலையைக் குனிந்து காட்டினார்.

அதற்கப்புறம் ஒரு நாள் போர்டில் பின்னக் கணக்கு ஒன்றை எழுதினாள். முடிப்பதற்குள் மொத்த வகுப்பும் விடையைச் சொல்லிவிட்டது.

“எப்படித் தெரியும்?”

அவள் அதட்டாமலேயே அப்படி ஓர் அமைதி. கடைசியில் முன்பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“நேத்தும் இதே கணக்குதான் மிஸ். முந்தாநாளும் இதான்.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க அழுவீங்கன்னு... நாங்க பேசி வெச்சிக்கிட்டோம் மிஸ். அதான் மறுபடி மறுபடி எழுதினோம்.”

இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றுதான் அவள் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்களோ அவளை முட்டை மாதிரி பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! போர்டை அழித்தாள். பக்கத்து அறை சாரை அழைத்துவரச் சொன்னாள். அவர் வந்து மேசையருகே நின்றபின்தான் படியிறங்கினாள். இதுவா பாதியில் போட்டுவிட்டு ஓடுவது?

ஹெட்மாஸ்டர் அவளைக் கண்டதும் அலமாரியைத் திறந்தார். “சாக்பீஸா?”

“இல்ல சார். லீவு.”

“பரீட்சை வேற...”

“நடத்தின கணக்கையே திரும்ப நடத்திட்டிருக்கேன் சார். பிள்ளைங்க எனக்காகப் பொறுத்துக்குதுங்க. அதுங்க பொறுக்கலாம், நான் அதைப் பார்த்துட்டுப் பொறுக்கக் கூடாது.”

அவர் அலமாரியை மூடினார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

குழாயடியில் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் சாக்பீஸ் தூள் போகவில்லை, விட்டுவிட்டாள். வாசலை நெருங்கும்போது அடுத்த பீரியட் மணி அடித்தது. கால் தன்பாட்டுக்கு வகுப்புப் பக்கம் திரும்பியது.

“சைலன்ஸ்” என்றாள், தன் காலைப் பார்த்து.

விரல் மட்டும் கைப்பை வாரில் ‘டிக்’ போட்டுக்கொண்டே இருந்தது. போட்டால் போடட்டும் என்று கதவைத் தாண்டி வெளியே நடந்தாள்.