தனம் அக்கா வீட்டில் கருகுவது

ஜெரால்டு சார், நீங்கள் திருடியிருக்கிறீர்கள். இந்த வருஷம் மாதா கோயில் கிறிஸ்துமஸ் மலரின் கடைசிப் பக்கத்தில் வந்த குறுக்கெழுத்துப் போட்டி உங்களுடையது அல்ல. மலரின் ஆசிரியர் என்பதால் 'அமைத்தவர்' என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டீர்கள். பல வருஷத்துக்கு முன் இதே மலருக்காக அதை அமைத்தவர் ஸ்டெல்லா அக்கா.

மலரைப் பிரித்ததும் மை வாசனை அடித்தது. மை வாசனை வந்தால் எனக்குக் கூடவே தேங்காய் எண்ணெய் வாசனையும் வரும். முதுநகரில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் டிசம்பர் முழுக்க இந்த இரண்டும்தான். தேங்காய் எண்ணெயில் பொரித்த கல்கல் தின்றுகொண்டே மலர் அடிப்போம். எண்ணெய்க் கை பட்டு வீணான தாளுக்கெல்லாம் முதலாளியிடம் திட்டு வாங்கியது பெரும்பாலும் நான்தான்.

பக்கத்துக் கணினியில் ஸ்டெல்லா அக்கா. கட்டம் போட்டு முடித்ததும் முதலில் என்னைத்தான் நிரப்பச் சொல்வார். கிறிஸ்துமஸ் பற்றி எனக்குத் தெரிந்தது கேக்கு மட்டும்.

"உனுக்கே தெரிஞ்சா ஊருக்கே தெரியும்டா."

'பாட்டுக்குழு வாசலில் நின்றதும் வீட்டுக்காரர் தேடுவது, நான்கு கட்டம்' என்ற குறிப்புக்கு 'செருப்பு' என்று எழுதினேன். விடை சில்லறை, பாடுகிறவர்களின் உண்டியலில் போட. அந்த மாதம் முழுக்க என் முகத்தைப் பார்த்தாலே சிரித்தார்.

விடைகளை அச்சடிக்க மாட்டோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம் கோயில் வளாகத்தில் அக்கா மைக்கில் குறிப்பைப் படிப்பார், கூட்டம் விடையைக் கத்தும். 2004இல் மறுநாள் காலையிலேயே கடல் உள்ளே வந்துவிட்டது. யாரும் எதையும் படிக்கவில்லை.

அடுத்த வருஷம் அதே போட்டியை மாற்றாமல் போடுவோம் என்றார் அக்கா. அதில் ஒரு குறிப்பு: 'தனம் அக்கா வீட்டில் கருகுவது, ஏழு கட்டம்.' தனம் அக்கா எங்களுக்கு மீன் கொண்டுவருபவர். இந்துதான். ஆனாலும் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் அச்சு முறுக்கு சுட்டுத் தருவார், அது தவறாமல் கருகும். அவர் வீட்டை அலை கொண்டுபோயிருந்தது. வீடே இல்லாதவரிடம் வீட்டைச் சொல்லிக் கிண்டலா? அடிக்க எனக்குக் கை வரவில்லை.

"அவுங்களயே கேளு" என்றார் ஸ்டெல்லா அக்கா. கேட்டேன்.

"எம் பேர எடுத்தீன்னா உனுக்கு மீனு கெடையாது, பாத்துக்க."

மைக்கில் அந்தக் குறிப்பு வந்தபோது கூட்டம் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து தனம் அக்காவே எழுந்தார்.

"அச்சு முறுக்கு! கருகிப்போனாலும் ஒண்ணு உடாம தின்னீங்கல்ல, இப்ப சொல்றதுக்கு என்னா?"

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வளாகம் அன்றைக்குத்தான் சிரித்தது.

2012க்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தனம் அக்கா இப்போது இல்லை. மைக்கில் படிப்பதும் கூட்டம் கத்துவதும் நின்றுவிட்டது; விடைகள் காலையிலேயே போனில் வந்துவிடுகின்றன. மலரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன்.

"உடுடா, யார் பேரு இருந்தா என்னா" என்றார். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "தனம் பேரு இருக்குதா?" என்று கேட்டார்.

இருக்கிறது. ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கிறது. அது யார் பெயர் என்று தெரிந்திருந்தால், மாட்டிக்கொள்ளாமல் இருக்க நீங்கள் மாற்றியிருப்பீர்கள், சார்.

அக்கா விடலாம், நான் விட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே வளாகத்தில் மைக் முன்னால் வந்து நில்லுங்கள். விடை எங்களுக்குத் தெரியும். தனம் அக்கா யார், அவர் பெயரை அந்தக் குறிப்பில் எழுதியது யார்? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.