வழியனுப்புற வாசல்

பாண்டி ஏர்போர்ட்டைப் பாத்ததும் எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. இதுவா? திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு இதவிடப் பெருசாச்சேன்னு ஆட்டோக்காரர்கிட்டயே கேட்டுட்டேன். "வர்றது ஒண்ணோ ரெண்டோ பிளேனு, அதுக்கு இது போதாதாம்மா?"ன்னார்.

நான் போனது எம் புள்ளயப் பாக்க. ஒரே புள்ள, ஐதராபாத்துல வேல. அவுங்க ஆபீஸ்ல எல்லாரையும் பாண்டிக்கு வெளிய ஏதோ ஏரிக்கர ரிசார்ட்டுக்குக் கூட்டியாராங்களாம். வெள்ளிக்கெழம மத்தியானம் எறங்கி, ஞாயித்துக்கெழம மத்தியானம் திரும்பிடுவாங்க. ஏரியப் பாக்கவாடா பிளேன் ஏறி வர்றீங்கன்னு போன்ல கேட்டேன். நான் சிதம்பரத்துக்கு அந்தாண்ட, வீராணத்துக் கரையில பொறந்து வளந்தவ. எங்க ஊர்ல ஏரின்னா எரும குளிப்பாட்டுற எடம். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். கடலூரு அங்கேருந்து ஒரு மணி நேரம்தான், வீட்டுக்கு வந்து ஒரு வேள சாப்ட்டுப் போயேண்டான்னேன். அதுக்கு மட்டும் சிரிக்கல. "டைம் இருக்காதும்மா. நீ ஏர்போர்ட்டுக்கு வந்துடு, வேன் கெளம்புறதுக்குள்ள பாத்துப் பேசிக்கலாம்"னான்.

எங்க வீட்டுக்காரர், அதான் அவுங்கத்தா, மவுத்தாகி அடக்கம் பண்றப்ப வந்தவன்தான். அப்புறம் வீட்டு வாசப்படி மிதிக்கல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், அவன் வந்து எங்கூட ஒக்காந்து ஒரு வேள சாப்டணும். தனியாத் தின்னு தின்னு எனக்கு சோறே கசக்குது. இதச் சொன்னா, "வீடியோ கால் போட்டுட்டு சாப்டும்மா"ங்கறான். போனுக்கா ஊட்டி வுட முடியும்?

சரி, அவன் வரலன்னா சாப்பாடாவது அவங்கிட்டப் போவட்டும்னு நெய்ச்சோறு, கறி, தால்ச்சா எல்லாம் ஆக்கி கேரியர்ல அடுக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். ஏர்போர்ட்லதான் நான் ஒரு கூத்து பண்ணேன்.

எங்க வீட்டு வழக்கத்தச் சொன்னாத்தான் அது புரியும். அவுங்கத்தா சவுதியில இருந்தாங்க. ஒவ்வொரு தடவ லீவு முடிஞ்சு கெளம்பறப்பவும் வேன் புடிச்சு, மாமி, மச்சான், கைக்கொழந்தன்னு அத்தன பேரும் மடிக்கு மடி ஒக்காந்து மெட்ராஸ் போவோம். டிக்கெட் பாத்து உள்ள வுடுற வாசல்ல நின்னு, தல மறையிற வரைக்கும் கையாட்டுவோம், அழுவோம். திரும்பி வர்றப்ப வழியில எறங்கி புரோட்டா தின்னுட்டு வருவோம். ஆனா அவுங்க ஊருக்கு வர்றப்ப எங்களக் கூட்டிட்டுப் போவமாட்டாங்க. அட்டப்பொட்டி, கம்பளம்னு சாமான் ஜாஸ்தி வரும், வேன்ல எடம் வேணுமில்ல? ஆம்பளைங்க ரெண்டு பேர் மட்டும் போவாங்க, பொம்பளைங்க வீட்ல ஆக்கி வெச்சிட்டுக் காத்திருப்போம். எங்க சனத்துல எல்லா வீட்லயும் அப்படித்தான். ஆக, ஏர்போர்ட்டுக்கு எத்தன தடவ போயிருந்தாலும், ஒருத்தர் வந்து எறங்கி வெளிய வர்றத நான் கண்ணால பாத்ததே கெடையாது.

அதனால பாண்டியிலயும் என் காலு தானா டிக்கெட் பாக்குற வாசலுக்குப் போயி நின்னுடுச்சு. பிளேன் எறங்குற சத்தம் காத அடச்சுது. எம் புள்ள வந்துட்டான்னு முந்தானையச் சரி பண்ணிக்கிட்டேன். கொஞ்சம் நேரம் ஆச்சு. ஒரு ஈ காக்கா வெளிய வரல. காவலுக்கு நின்ன போலீஸ்காரர் ரொம்ப நேரமா என்னையே பாத்துட்டு, "யார அனுப்ப வந்தீங்கம்மா?"ன்னார்.

"அனுப்ப இல்லப்பா, எம் புள்ள வர்றான்."

"வர்றவங்க அந்தப் பக்கம்மா!"

யா அல்லாஹ்! கேரியரத் தூக்கிட்டு ஓடுனேன். அங்க ஆளே இல்ல, பொட்டி வெச்சுத் தள்ளுற வண்டிதான் நின்னுச்சு. பையிலேருந்து போன எடுத்துப் பாத்தா, அவன் கூப்ட்டுக் கூப்ட்டு ஓய்ஞ்சு போயிருக்கான். திருப்பிப் போட்டேன். வேன்ல போயிட்டு இருந்தான், பின்னாடி ஒரே பாட்டும் கூத்தும். "எங்கம்மா போன? எல்லாரும் எனக்காக வெய்ட் பண்ணாங்க, கூச்சமாப் போச்சு. சரி வுடு, ஞாயித்துக்கெழம நான் போறப்ப வந்துடு"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எவனையும் ஏத்தியனுப்ப இனிமே நான் வரமாட்டேன். காலம் பூரா அந்த வேலையத்தான் பாத்தேன். வர்றதுன்னா வீட்டுக்கு வா, இல்லன்னா போ"ன்னு கட் பண்ணிட்டேன். சாயந்தரம் அந்தச் சோத்த சூடு பண்ணித் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கும் ஆத்திரம் வந்துச்சு.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் தேவனாம்பட்டினம் போயி வஞ்சரம் வாங்கியாந்தேன். வருவான்னு யாரும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியும், அவன் என் வயித்துப் புள்ள, மனசு கேக்காது, வந்துடுவான். தட்டு ரெண்டு எடுத்து வெச்சேன். தெருவுல வண்டி சத்தம் கேக்கறப்பல்லாம் ஜன்னலுக்குப் போனேன். எல்லாம் அடுத்த வீட்டுக்குத்தான் வந்துச்சு. வெயில் ஏறுச்சு. கடைசியா போன் அடிச்சுது.

"ம்மா, எங்க இருக்க?"

"வீட்லதான்டா. நீ எதுவரைக்கும் வந்திருக்க?"

"நான் ஏர்போர்ட்ல இருக்கேம்மா. எல்லாரும் உள்ள போயிட்டாங்க. நீ வருவேன்னு நான் மட்டும் வெளிய நிக்கிறேன்."

"வரமாட்டேன்னு சொன்னேனேடா."

"கோவத்துல சொல்றேன்னு நெனச்சேன். நீ வராம நம்ம வீட்ல யாரும்மா பிளேன் ஏறியிருக்காங்க? உங்கூட ஒக்காந்து பேசணும்னு காலையில டிபன் கூட சாப்டாம தனியா வண்டி புடிச்சு வந்துட்டேன்மா. அப்போலேருந்து இங்கதான் இருக்கேன்."

அந்த நேரத்துக்கு கடலூரு வந்து தின்னுட்டே போயிருக்கலாம். திட்டத்தான் வாயெடுத்தேன், திட்டல. "உனக்கு மீன் வறுத்து வெச்சிருக்கேன்டா"ன்னேன். அவன் அழுறானான்னு தெரியல. அங்க யாரோ அவன உள்ள வரச் சொல்லி சத்தம் போட்டாங்க.

"போவட்டுமாம்மா?"ன்னான்.

போயிட்டு வான்னு சொல்லணும். அத்தன பேரையும் அந்த வார்த்த சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். அன்னிக்கு எனக்கு அது வாயில வரல.

"போ"ன்னேன்.