சரி போட்டுவிட்டுப் போன சனிக்கிழமை

பயிற்சி டொக்டராகச் சேர்ந்த முதல் நாள் எங்களை ஆஸ்பத்திரி மண்டபத்தில் உட்காரவைத்து ஒரு விரிவுரை நடத்தினார்கள். உடல், மனம், வேலை மூன்றையும் சமநிலையில் வைத்திருப்பது எப்படி என்பதுதான் பொருள். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், முடிந்ததும் சரி போடுங்கள், கிழமைக்கு அரை நாளாவது ஆஸ்பத்திரியை மறந்திருங்கள் என்றார் பேசியவர். நடுவில் அவரே மூன்று தரம் கொட்டாவி விட்டார். பின்வரிசையில் ஒருவன் குறட்டையே விட்டான். முழுதாகக் கேட்டு, நம்பவும் செய்தவன் நான் ஒருவன்தான். நல்ல பிள்ளையென்று பெயரெடுத்து வளர்ந்தால் இந்தக் கெடுதலும் கூடவே வரும்.

புறக்கோட்டையில் வாங்கிய சேர்ட்டுக்குள் இருந்த மட்டையை நாலாக வெட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. கட்டில் இலக்கம், செய்யவேண்டியது, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. வேலை முடிந்தால் பெட்டிக்குள் சரி. அந்த சரியைப் போடும்போது எனக்குள் ஒரு சுகம் பரவும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போவதைவிட அந்த சரிதான் எனக்கு இனித்தது.

அரை நாள் விதியையும் விடவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளைக் கோட்டையும் ஸ்டெதஸ்கோப்பையும் வார்ட்டிலேயே கொழுவிவிட்டு வெள்ளவத்தை பஸ்ஸைப் பிடிப்பேன். யுத்த காலம், மற்ற தமிழ் டொக்டர்மார் ஸ்டெத் இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைவிட அதற்குத்தான் மதிப்பு. கடைக்கு மீன் வாங்கப் போகும்போதும் கழுத்தில் தொங்கும். நான் மட்டும் சமநிலைக்காரன் அல்லவா, ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுத்தான் போவேன்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். என்னோடு அதே வார்ட்டில் வேலை செய்த சிங்களப் பெண் டொக்டரிடம் மட்டையைப் பார்த்துப் பார்த்து மிச்ச வேலைகளை ஒப்படைத்தேன். சரி போட்டவற்றைச் சொல்லவில்லை. முடிந்ததை ஏன் சொல்வான்?

வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு, காசு எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டபோது மட்டை வந்தது. வாசித்தேன். ஏழாம் கட்டில், மத்தியான இன்சுலின் நிறுத்து. பக்கத்தில் வடிவான ஒரு சரி.

ஏழாம் கட்டில் கொட்டாஞ்சேனைக்காரி ஒரு அம்மா. கோயிலடியில் கச்சான் கடலை விற்பவர். பின்னேரம் ஸ்கேன் எடுப்பதற்காக அவரைக் காலையிலிருந்து வெறும் வயிற்றில் வைத்திருந்தோம். சாப்பாடில்லாதவருக்கு இன்சுலின் ஏற்றினால் சீனி இறங்கி மயங்கிவிடுவார், உயிரும் போகலாம். அதனால்தான் ஊசியை நிறுத்தவேண்டுமென்று காலையிலேயே முடிவெடுத்தேன். முடிவெடுத்த சந்தோஷத்தில் மட்டையில் சரி போட்டேன். கட்டிலில் தொங்கும் மருந்துக் குறிப்பு டிக்கெட்டில் எழுதவில்லை. தாதி பார்ப்பது அந்த டிக்கெட்டைத்தான், என் சேர்ட் மட்டையை அல்ல.

தோசையை விட்டுவிட்டு முன்னால் இருந்த டெலிபோன் கடைக்கு ஓடினேன். வெள்ளவத்தை முழுவதும் அங்கே கனடாவோடு கதைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரைத் தள்ளிவிட்டு ரிசீவரைப் பிடுங்கினேன். ஆஸ்பத்திரி ஒப்பரேட்டர் வார்ட்டுக்குத் தொடுப்பதாகச் சொன்ன நேரம் பொலிஸ்காரர்கள் கடையைச் சுற்றிக்கொண்டார்கள். சுற்றிவளைப்பு. ஒரு கொன்ஸ்டபிள் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டு அடையாள அட்டையைக் கேட்டார். யாழ்ப்பாண முகவரியை வாசித்ததும் முகம் மாறியது. யாரோடு கதைக்கிறாய், இங்கே என்ன வேலை என்று சிங்களத்தில் அடுக்கினார்.

என் சிங்களம் வார்ட்டில் பொறுக்கியது. எங்கே நோகிறது, எத்தனை நாளாக, மலம் போனதா. இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் நிலைமை மோசமாகும் என்று எனக்கே தெரிந்தது. நான் டொக்டர் என்று மட்டும் சொன்னேன். அவர் என் வெறும் கழுத்தைப் பார்த்தார். பயமாக இருந்தது. எனக்காகப் பயந்தேனா, ஏழாம் கட்டிலுக்காகவா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்த நேரம் ரிசீவருக்குள் ஒரு பெண்குரல் கேட்டது. வார்ட் தாதி. கொன்ஸ்டபிள் ரிசீவரைக் காதில் வைத்து, உங்கள் டொக்டர் என்று ஒருவன் இங்கே நிற்கிறான் என்றார். நான் இடையில் புகுந்தேன். ஏழாம் கட்டில், இன்சுலின் வேண்டாம். அதற்கு என் வார்ட் சிங்களம் தாராளமாகப் போதும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார். பதிலைக் கேட்டார்.

"குத்தியாச்சாம்," என்றார் சிங்களத்தில். "வேர்க்குதாம்."

ஸ்கேனை விடச் சொல்லுங்கள், சீனித்தண்ணீர் பருக்கச் சொல்லுங்கள், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொன்றையும் கொன்ஸ்டபிள் பிழையில்லாமல் ஒப்புவித்தார். பிறகு ரிசீவரை அவர் காதிலும் நான் கண்ணிலும் வைத்துக் காத்திருந்தோம். அவருக்கும் வேர்த்தது. கடைசியில், "கண்ணைத் திறந்து பேசுறாவாம்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ரிசீவரை மெதுவாக வைத்தார், அடையாள அட்டையைத் தன் பையில் போட்டார், என்னை ட்ரக்கில் ஏறச் சொன்னார். டொக்டரோ யாரோ, யாழ்ப்பாண அட்டை என்றால் ஸ்டேஷனில் விசாரிக்கவேண்டும். அது அவருடைய டிக்கெட்டில் எழுதியிருந்தது போல.

ஸ்டேஷனிலிருந்து விட்டபோது ஐந்தரை மணி. நேரே வார்ட்டுக்குப் போனேன். ஏழாம் கட்டில் அம்மா பாண் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரய்யா, அந்த நர்ஸ் பிள்ளைய திட்டாதீங்க. தெரியாம ஊசிய போட்டுட்டு அந்தா மூலையில நின்னு அழுதுகிட்டே இருக்கு."

"அந்தப் பிள்ளையில பிழை இல்லை அம்மா. பிழை என்னுடையது."

"அது எப்புடிங்க?" என்றார். "நீங்கதான் இங்க இல்லவே இல்லியே."

மூலைக்குப் போய் அந்தத் தாதியிடமும் அதையே சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்கான சிங்களத்தை மட்டும் வார்ட்டில் எந்த டொக்டரிடமிருந்தும் நான் பொறுக்கியிருக்கவில்லை. அந்தச் சொல்லை அவளிடமே கேட்டுத்தான் சொன்னேன்.