யாரும் அணைக்காத சுவிட்ச்

கே.கே. நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல், மாடியில், நீளமான ஹால் ஒன்று உண்டு. இப்போது அங்கே யோகா சொல்லித்தருகிறார்கள். அந்தத் தெரு வழியே போகும்போதெல்லாம் என் தலை தானாக மேலே திரும்பிவிடும். ஜன்னல்களுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறார்கள். உள்ளே சுவரில் பெயிண்டில் எழுதிய இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் இன்னும் இருக்கிறதா, வெள்ளையடித்துவிட்டார்களா என்று தெரியவில்லை. ஏறிப் போய்ப் பார்க்கலாம்தான். மனசு வரவில்லை.

அந்தச் சூத்திரம், முன்பு அந்த ஹால் டியூஷன் சென்டராக இருந்த காலத்தின் மிச்சம். டியூஷன் காலியானதும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து அந்த ஹாலை வாடகைக்கு எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து, அங்கிருக்கும் சாமான்களை வைத்து, எதையாவது தன் கையால் செய்து பார்க்கலாம். ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்று வாசலில் எழுதினார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் புரியாததால், கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துத் தருவீர்களா என்று கேட்டு மாடி ஏறி வந்தவர்கள் உண்டு.

அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக்ரோகண்ட்ரோலர் வகுப்பு. எலக்ட்ரானிக்ஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்தத் தகுதி எனக்குக் குறைவில்லாமல் இருந்தது. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் டீச்சர். கரப்பான்பூச்சியின் நரம்பைப் பிரித்துக் காட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். டியூப்லைட் ஸ்டார்ட்டர் மாற்ற ஆள் கூப்பிடுவேன்.

ஐம்பதை நெருங்கும் வயதில் நான் அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மாவின் காது. அம்மா காவிரிக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரத்தில், ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறாள். காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, அந்த வருஷம் வாசல் பெல் சுத்தமாகக் கேட்காமல் போயிற்று. காதுமெஷின் வாங்கிக் கொடுத்தோம். இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் பழக்கம் என்பதால் என்னிடம் இருந்த சாவியாலும் பிரயோஜனமில்லை. வைகாசி வெயிலில் ஒரு நாள் பெல்லை அழுத்தி, கதவைத் தட்டி, கை வலித்து, அழுகையே வந்துவிட்டது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு மொட்டைமாடி வழியே இறங்கி உள்ளே போனால், அம்மா கொல்லையில் நிம்மதியாகத் துளசி தொடுத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் பெங்களூரில் இருக்கும் அண்ணாவுக்குப் போயிற்று. “இனிமே அவளைத் தனியா விடறதா இல்லே. நான் கூட்டிண்டு போயிடறேன்” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அம்மா ஸ்ரீரங்கத்தை விட்டால் உடம்பு மட்டும்தான் பெங்களூர் போகும். என் வீட்டுக்கு வா என்றாலும் காவிரி தாண்ட மாட்டாள். அண்ணாவிடம் மூன்று மாதம் கெடு வாங்கினேன். காது கேட்காவிட்டால் என்ன, கண் நன்றாகத் தெரிகிறதே. வாசலில் பட்டனை அழுத்தினால் உள்ளே பளிச்சென்று மினுக்கும் ஒரு விளக்கு. கடையில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். இணையத்தில் வாங்கிய ஒன்று பத்து நாளில் செத்துப்போனது. நானே செய்தால் கெட்டாலும் நானே சரிசெய்யலாமே என்று ஒரு வீம்பு.

வகுப்பு எடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. துவாக்குடியில் இன்ஜினியரிங் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். எல்லோரும் அவளை ‘மிஸ்’ என்றோம். வாரம் முழுக்க மிஸ், மிஸ் என்று அழைக்கப்படுகிறவள், ஞாயிற்றுக்கிழமை கையைத் தூக்கிக்கொண்டு “மிஸ்” என்று கூப்பிடுவதில் இருந்த சுகம் இருக்கிறதே, அதைச் சொன்னால் என் சக டீச்சர்களுக்குத்தான் புரியும்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அடுத்தவர் போர்டை யாரும் தொடக்கூடாது. அவளும் தொடமாட்டாள். நாம் எவ்வளவு கெஞ்சினாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். “வாயால சொல்லுங்க மேடம். கரண்ட் எங்க ஏறுது, எந்த வழியா போகுது, எங்க இறங்குது?” பஸ் ரூட் சொல்வதுபோல ஒவ்வொரு வயராக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பாதி வழியில் நமக்கே தெரிந்துவிடும், எந்த இடத்தில் ரோடு இல்லையென்று. கோபமாக வரும். ஒரு வயரை இழுத்துச் செருகினால் முடிகிற காரியத்துக்கு இத்தனை வியாக்கியானமா என்று ஒரு தடவை வெடித்தே விட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றாள்.

என் மேஜையில் பக்கத்து ஆள், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் கருவி செய்ய வந்திருந்தார். விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். ரெசிஸ்டரைக் கையில் எடுத்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். “நாங்க இன்ஜினைத் தூக்கி வைக்கிறவங்க டீச்சர். இது என்னங்க, சீரகத்துக்குக் கம்பி முளைச்ச மாதிரி இருக்கு” என்பார். பூச்சி அறுக்கும்போது நரம்பைப் பிடிக்க நான் வைத்திருக்கும் சாமணத்தைக் கொடுப்பேன். டைப் அடிக்க அவர் ஓர் எழுத்தைத் தேடும் நேரத்தில் நான் என் போர்டையும் முடித்துவிடலாம். ஆனால் அவர் செருகிய வயர் ஒன்றுகூட ஆடாது. என்னுடையது மின்விசிறிக் காற்றுக்கே கழன்று வரும்.

முதல் நாள் செய்தது ஒன்றுமே இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீல போர்டு. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாம் லேப்டாப்பில் எழுதி அனுப்பும் கட்டளையை அது திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். ஒரு விநாடி விளக்கை எரியவிடு, ஒரு விநாடி அணை. ஆறு தடவை தப்பு வந்தது. அரைப்புள்ளி விட்டுப்போயிற்று, அடைப்புக்குறி விட்டுப்போயிற்று. பிள்ளைகளின் பரீட்சைத்தாளில் இதற்கெல்லாம் நான் சிவப்பு மையை எப்படி வாரியிறைத்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. ஏழாவது தடவை அந்த மிளகளவு சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னால் நம்புங்கள், ஃபிட்டர் கைதட்டினார். ஹால் முழுக்கத் தட்டினார்கள். அது அந்த வகுப்பின் வழக்கம், யாருடைய முதல் விளக்கு எரிந்தாலும் எல்லோரும் வேலையை நிறுத்திக் கைதட்ட வேண்டும். அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நல்லாசிரியர் விருதுக்குக்கூட நான் அப்படி மகிழ்ந்திருக்க மாட்டேன். கொடுக்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

பட்டன் சேர்த்ததும் தொல்லை ஆரம்பித்தது. தொடாமலே விளக்கு எரியும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எரியும், எடுத்தால் அணையும். ஃபிட்டர் பயபக்தியோடு நாற்காலியைத் தள்ளிப்போட்டுக்கொண்டார். மிஸ் வந்து கைகட்டிக் குனிந்தாள். “பட்டனை விட்டப்புறம், போர்டுல அது சேர்ற காலுக்கு மேலயா கீழயான்னு தெரியலை மேடம். அந்தரத்துல தொங்குது. அதான் எது பக்கத்துல வந்தாலும் ஆடுது. பிடிச்சுக்க ஒரு ரெசிஸ்டர் குடுங்க.” கொடுத்தேன். அடங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்மாவை நினைத்துக்கொண்டே போனேன்.

கெடு முடியச் சில வாரம் இருக்கும்போது விளக்கு தயாராயிற்று. ஒரு சோப்பு டப்பாவுக்குள் போர்டு, மூடியில் நாலு வெள்ளை விளக்கு, மொபைல் சார்ஜரில் ஓடும். எலக்ட்ரீஷியனை வைத்துப் பழைய பெல்லைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் என் பட்டனை வைத்தேன். கூடத்தில் டிவி பக்கத்தில் சோப்பு டப்பா. அழுத்தினால் இரண்டு நிமிஷம் மினுக்கும். அம்மா சின்னக் குழந்தைபோல என்னை வாசலுக்கும் உள்ளுக்கும் நாலு தடவை நடக்கவிட்டுப் பார்த்தாள். “பலே” என்றாள்.

புதன்கிழமை பள்ளி விட்டுப் போய்ப் பெருமையாக அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிறகு பழையபடி ஜன்னலைத் தட்டி, கத்தி, தெருவையே கூட்டிய அப்புறம்தான் அம்மா வந்து திறந்தாள். உள்ளே போய்ப் பார்த்தால் சார்ஜர் சுவிட்ச் அணைந்திருந்தது.

“நான்தான் அணைச்சேன். யாரும் வராதப்போ அது எதுக்குடி வெறுமனே ஓடணும்?”

எங்கள் வீட்டில் எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அம்மா எங்களை அடித்து வளர்த்த பாடம் அது ஒன்றுதான். நானும் இன்றுவரை அப்படியே. இதை யோசிக்காமல் ஒரு கருவியைச் செய்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். ஆனால் திட்டியது அம்மாவை. ‘அணைக்காதே’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் எதிர்வீட்டுக்காரரை விட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். மினுக்கவில்லை. காகிதத்துக்கு ஒரு சேதாரமும் இல்லாமல் சுவிட்சை மட்டும் அணைத்திருந்தாள்.

அன்று ராத்திரி அண்ணா போன் செய்தான். “அடுத்த சனிக்கிழமை வரேன். அம்மாகிட்ட சொல்லாதே. நானே பட்டனை அழுத்தறேன். வந்து திறந்தாள்னா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா என்னோட வந்துடணும். திரும்பறதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைச் சொல்லி ஏறக்குறைய அழுதேன். பேட்டரி போடலாம், ஆனால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள் மிஸ். ஃபிட்டர் வயரை வளைத்துக்கொண்டே கேட்டார்.

“எங்க பட்டறையில தொடாதேன்னு செவப்பு அட்டை தொங்கவிட்டாலும் எவனாவது தொட்டுடுவான் டீச்சர். இத்தனை வருஷத்துல யாருமே கை வைக்காத சுவிட்ச் ஒண்ணுதான். சாமி படத்து பல்பு. உங்கம்மா வீட்டுல அந்த மாதிரி எதுவும் இல்லீங்களா?”

இருந்தது. கூடத்தின் மூலையில் கோயிலாழ்வார். எங்கள் வீடுகளில் பெருமாள் இருக்கும் மர மண்டபத்துக்கு அதுதான் பெயர். அதன் உள்ளே ஒரு குட்டி பல்பு. நான் பிறந்ததிலிருந்து அது அணைந்து பார்த்ததில்லை, பல்பு ஃபியூஸான நாட்களைத் தவிர. மிஸ் முதல் தடவையாகக் கட்டிய கையை அவிழ்த்து ஃபிட்டருக்குக் கைகொடுத்தாள்.

அன்று மாலையே போய், பெருமாள் பல்பின் பிளக்கையும் என் சார்ஜரையும் ஒரே சுவிட்சில் சேர்த்து, சோப்பு டப்பாவை மண்டபத்தின் ஓரத்தில் வைத்தேன். குளித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. குளித்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணாவும் நானும் வாசலில் நின்றோம். அவன் அழுத்தினான். தெருவில் பால்காரர் போனார், பூக்காரி போனாள். கதவு அசையவில்லை. அண்ணா என்னைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மறுபடி பட்டனில் விரலை வைக்கப் போனபோது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

“முதல்லயே பாத்துட்டேன். பாசுரத்தைப் பாதியில விட்டுட்டு எழுந்து வரச் சொல்றியா?” என்றாள் என்னிடம். பிறகுதான் அண்ணாவைப் பார்த்தாள். அவன் சிரித்துவிட்டான். காபி குடிப்பதற்குள் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான்.

நான் ஜெயித்த மிதப்பில் இருந்தேன். அண்ணாதான் முதலில் கவனித்தான். அம்மாவின் பலகை, பூக்கூடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, பேப்பர், தண்ணீர்ச் செம்பு எல்லாம் கோயிலாழ்வாருக்கு எதிரே குடிபெயர்ந்திருந்தன. கொல்லையில் பூத்தொடுக்கும் இடம் காலியாகக் கிடந்தது.

“இங்கேயேவாம்மா உக்காந்துண்டிருக்கே நாள் பூரா?” என்று அவள் முகத்துக்கு நேரே சத்தமாகக் கேட்டான்.

“ஆமா. முன்னெல்லாம் மனசு ஒரே அடிச்சுண்டு கிடக்கும். நீங்க யாராவது வந்து, கூப்பிட்டுப் பாத்து, போயிட்டேளோன்னு. பத்துத் தரம் வாசலுக்குப் போய்ப் பாப்பேன். இப்ப அந்தக் கவலை இல்லே. விளக்கு எரியலைன்னா யாரும் வரலைன்னு அர்த்தம். இவ நன்னாப் பண்ணிக் கொடுத்திருக்கா.”

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அண்ணா காபி டம்ளரைக் கீழே வைத்தான். அந்த ஹாலையும், மினுக்கிய முதல் விளக்கையும், எல்லோரும் தட்டிய கையையும் நினைத்து எனக்கு ஒரு கணம் கூசிப்போயிற்று.

ஃபிட்டரின் தொட்டி இன்றும் சத்தம் போடுகிறதாம். மிஸ் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். ஹாலுக்கு யோகா வந்துவிட்டது. சோப்பு டப்பா மட்டும் அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் இப்போது வாரத்தில் நாலு நாள் பள்ளி விட்டதும் நேரே ஸ்ரீரங்கம் பஸ்தான். சில நாள் கதவு திறந்தே கிடக்கும். அப்போதும் பட்டனை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.